சின்னக்குழந்தை வீட்டு விதைச் சாமை

எங்கள் ஊரில் சின்னக்குழந்தைக்குக் கஞ்சப்பிசினாரி என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருத்தி, மறைப்பானேன்? பக்கத்து வீட்டிலிருந்து அவள் பிழைப்பைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சட்டியில் எண்ணெய் ஊற்றமாட்டாள்; துணி முடிச்சை எண்ணெயில் தொட்டு ஒரு தடவு தடவுவாள், அதோடு சரி. தீப்பெட்டி வாங்கமாட்டாள்; என் அடுப்பிலிருந்துதான் நெருப்பு போகும். இருட்டுவதற்குள் எல்லோருக்கும் சோறு போட்டுவிடுவாள், மண்ணெண்ணெய் மிச்சம்.

"இன்னாடி, மூச்சையும் எண்ணித்தான் வுடுவியா?" என்று கேட்பேன்.

"மூச்சு ஓசில வர்து யக்கா" என்று சிரிப்பாள்.

புருஷன் கோவிந்தன், இரண்டு பெண்பிள்ளைகள், மாமனார் கருப்பன், இவள். ஐந்து வயிறு. புதூர்நாட்டு மலையில் எங்கள் நிலமெல்லாம் மேட்டு நிலம், மழை பெய்தால்தான் உண்டு. எண்பத்திரண்டில் மழை ஏமாற்றிவிட்டது. சாமை முழங்கால் உயரம்கூட வராமல் காய்ந்தது. கிடைத்த கொஞ்சத்திலும் அவள் முதல் வேலையாக ஆறு படியை விதைக்கு ஒதுக்கினாள். சாம்பல் கலந்து, சாணி மெழுகிய மூங்கில் கூடையில் கொட்டி, வாயை மண்ணால் அடைத்துப் பரணில் ஏற்றினாள். விதையைத் தின்றுவிட்டவர்கள் மலைக்குக் கீழே இருக்கும் வியாபாரியிடம்தான் போய் நிற்கவேண்டும். அவன் சும்மா தரமாட்டான், புளியமரத்தை ஈடாகக் கேட்பான். சின்னக்குழந்தை வீட்டுக்கு இருந்தது ஒரே மரம்.

அடுத்த சித்திரையில் வீட்டில் தானியம் தீர்ந்தது. கோவிந்தனுக்குக் கூலி வேலையும் சரியாகக் கிடைக்கவில்லை. அவள் புளியங்கொட்டையை வறுத்து, தோல் போக்கி, ஊறவைத்து வேகவைத்தாள். காட்டுக் கீரையில் ஒரு கை மாவு கரைத்துக் கூழ் என்றாள். பிள்ளைகள் குடித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நான் சிலநாள் ஏதாவது கொடுப்பேன். சிலநாள் பார்க்காததுபோல் உள்ளே போய்விடுவேன்.

வைகாசியில் கருப்பனுக்கு ஜுரம் கண்டது. புளியங்கொட்டை கிழவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நான் நெருப்புக் கொண்டுபோனபோது அவர் மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு புடி சாமைச் சோறு ஆக்கிக் குடு கொழந்தே. நாக்கு செத்துப் போச்சி."

அவள் பரணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"வெதைய எப்டி மாமா எடுக்கறது? மழ வரட்டும். வெதச்சது போக மீந்ததை உங்களுக்குத்தான் ஆக்கிப் போடறேன்."

"செரி, செரி. எடுக்காத" என்று அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனார். ஜுரமா, வயதா, பசியா, யார் கண்டது?

சாவு வீட்டில் ஊர் கை நனைக்காமல் எழுந்து போகக்கூடாது. போனால் செத்தவர் பசியோடு அலைவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் துக்கத்துக்குப் போகும்போது வீட்டுக்கு ஒரு படி தானியம் கொண்டுபோவோம். அந்த வருஷம் எல்லோரும் வெறுங்கையோடு போனோம். அவன் கொண்டுவருவான் என்று இவன், இவன் கொண்டுவருவான் என்று அவன். என் வீட்டுக் குதிரில் அப்போது விதைக்குப் போகவும் கொஞ்சம் சாமை இருந்தது.

"இன்னாப்பா, ஊர் சனம் குந்திக்கினு இருக்குது" என்றார் ஊர்க்கவுண்டர் கோவிந்தனிடம்.

சின்னக்குழந்தை யாரையும் கேட்கவில்லை. பரணில் ஏறிக் கூடையை இறக்கி, மண்ணைத் தட்டி உடைத்தாள். புடைத்தபோது சாம்பல் பறந்து அவள் முகமெல்லாம் அப்பியது. நாங்கள் நாலு பெண்கள் உரலில் குத்தினோம். வெள்ளையாக வந்த முதல் பிடியை வாய்க்கரிசிக்கு எடுத்துக்கொண்டுபோனாள். கிழவர் வாயில் போடும்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

"கேட்டியே மாமா, கேட்டியே! இப்பத் துன்னு மாமா!"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்ன செய்ய?

புதைத்துவிட்டு வந்து எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தோம். மாதக்கணக்கில் வயிறாரச் சோறு பார்க்காத ஊர். ஆறு படியும் உலைக்குப் போயிருந்தது. அவளே பரிமாறினாள். என் இலைக்கு முன்னால் குனிந்து, "இன்னும் போடட்டுமா யக்கா?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். பசி. போடு என்றேன்.

பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. ஊரே ஏர் பூட்டியது. கோவிந்தன் மரத்தை விட மனமில்லாமல் வியாபாரியிடம் போகமாட்டேன் என்றான். அவர்கள் நிலத்தில் புல்தான் முளைத்தது. ஐப்பசியில் சின்னக்குழந்தை என் நிலத்துக்கு அறுப்புக்கு வந்தாள். சாயங்காலம் கூலியாக ஒரு படி சாமை அளந்து அவள் முந்தானையில் கொட்டினேன். சிந்திய நாலு மணியைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு படியை நான் வைகாசியிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.