கன்று விடாத வாழை

காரைக்குடியில் நானும் கணவரும் குடியிருந்த வீட்டின் கொல்லையில் ஒரு காட்டு வாழை நின்றது. மலைப் பாறை இடுக்கில் பொறுக்கிய விதையை நானே முளைக்க வைத்து வளர்த்தது. காட்டு வாழைகளில் எது எதற்கு உறவு, எது எதிலிருந்து பிரிந்தது என்பதுதான் என் ஆராய்ச்சி. இலையை அனுப்பி மரபணு பார்த்தாயிற்று. ஆனாலும் இது தனி வகைதான் என்று அடித்துச் சொல்ல முற்றிய விதை வேண்டும். இந்த மரம் பூப்பது ஒரே முறை. காய் முற்றியதும் செத்துவிடும்.

அது பல வருடம் காக்க வைத்துப் பூத்த சமயத்தில்தான் வீட்டுக்கார அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மண்டபம் வேண்டாம், அவர்கள் இருக்கும் முன்பக்கத்து வீட்டிலேயே என்றார்கள். காய் முற்ற இன்னும் இரண்டு மாதம். முகூர்த்தமோ அடுத்த வாரம். கல்யாண வாசலில் குலை தள்ளிய வாழைமரம் கட்டாமல் இருப்பார்களா? என் மரமோ அடிபெருத்து, பூவும் குலையுமாக, என்னைக் கட்டு என்று நின்றது. சனியன், கொஞ்சம் அசிங்கமாக வளர்ந்து தொலைத்திருக்கக் கூடாதா?

கொல்லைக் கதவு கிறீச்சிட்டாலே எழுந்து போய்ப் பார்த்தேன். பந்தல்காரர்கள் அரிவாளோடு வந்த அன்று கல்லூரிக்கே போகவில்லை. தேங்காய் வெட்டும் சத்தம் கேட்டு ஒரு தடவை சோற்றுக் கையோடு ஓடினேன்.

பயந்த மாதிரியே அக்கா வந்தார்.

"ஒரு மரம் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் சொல்லியாச்சு. இன்னொண்ணுக்கு நம்ம கொல்லையில நிக்கிறதையே வெட்டிக்கலாம்ல? என்ன சொல்றீக?"

இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தவரிடம் சும்மா வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் பயம். கல்யாணத்தில் வாழை கட்டுவதே, கன்று விட்டு வாழையடி வாழையாகக் குடும்பம் தழைக்க வேண்டும் என்பதற்காக. இந்த வகை கன்றே விடாது. இதைச் சாதாரண வாழையிலிருந்து பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளமே அதுதான். கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லாத நான், கல்யாண வீட்டில் நின்று அதை என் வாயால் சொல்ல வேண்டும்.

சொன்னேன். "இது கன்னு விடாதுக்கா. விதை மட்டுந்தான்."

அக்கா குனிந்து மரத்தடியைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சரளை மண். அவர் முகம் மாறியது.

"அப்ப வாசல்ல கட்டவே கூடாதே. கல்யாண வீட்டுல இதை நிக்க வைக்கிறதே தப்பாச்சே. வெட்டிப் போட்டுருவமா?"

காப்பாற்றப் போய் நானே அரிவாளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"வேணாங்க்கா. அந்தக் குலை முழுக்க விதை. அம்புட்டும் இதோட பிள்ளைகதான். ரெண்டே மாசம், முத்தட்டும்க்கா" என்று கெஞ்சினேன். அழுதுவிட்டேன். மரத்துக்காக மட்டும் அழவில்லை என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

அக்கா என் தோளைத் தொட்டார். நல்ல மனுஷி, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

"அழுகாதீக. மரம் பாட்டுக்கு நிக்கட்டும். யாரும் தொட மாட்டாக."

போகத் திரும்பியவர் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. தாலி கட்டுற நேரத்துல மட்டும் நீங்களும் இங்குட்டே இருந்துக்கங்க. தப்பா நெனச்சுக்கிறாதீக."

சரிக்கா என்றேன். சிரித்தேன்கூட. மரம் பிழைத்தது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவர் சொன்ன அந்த 'நீங்களும்' உறைத்தது.