கேப்பர் விதையல்ல, மொட்டு

பொன்னேரிப் பக்கம் ஓர் அரசாங்க பங்களாவில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, பழவேற்காட்டுக்காரர் ஒருவர் அங்கே சமைத்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி. எதையும் முகர்ந்து பார்க்காமல் சட்டியில் போடமாட்டார்.

ஒருநாள் விருந்துக்கு அதிகாரி சீமையிலிருந்து வந்த கேப்பர் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்; உள்ளே மிளகைவிடச் சற்றுப் பெரிய பச்சை உருண்டைகள் உப்புநீரில் கிடந்தன. "இது ஒரு மரத்தோட விதை. உனக்கெல்லாம் எங்கே தெரியப்போகுது?" என்று விருந்தாளிகள் முன்னால் சமையல்காரரிடம் சிரித்தார்.

சமையல்காரருக்குப் பொறுக்கவில்லை. "வெதை இல்ல சார், பூ மொட்டு. கப்பல்ல சமைச்சிகினு இருந்தப்போ பிரான்சுல மார்சேல்ஸ் தொறைமொகம் பக்கம் பாத்துகிறேன். பாறை இடுக்குல மொளைக்கிற முள்ளுச்செடி. பூக்கறதுக்கு மின்னாடி பறிச்சி உப்புல ஊறப் போடுவாங்க. நம்ம வேலியில கீற ஆதண்டை முள்ளுக்கொடிக்கு அது பங்காளி" என்றார். ஒன்றைக் கத்தியால் பிளந்து, உள்ளே மடிந்திருந்த இதழ்களையும் காட்டினார்.

அதிகாரியின் முகம் கறுத்தது. "நாளையிலிருந்து வராதே!"

உண்மையைச் சொன்னதற்கா வேலை போகவேண்டும்? இன்று இப்படிக் கேட்கிறேன். ஆனால் அன்று நான் வாசல்வரை ஓடிப்போய்ச் சொன்னது வேறு: "ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க பாய்."

"இன்னாத்துக்கு? மொட்டை மொட்டுன்னு சொன்னதுக்கா?"

என்னை முறைத்துவிட்டு நடந்தார்.