மாமரத்தில் அளந்த வீட்டுக் காற்று

உத்தனப்பள்ளியில் தீர்த்தகிரியின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. "கல்லு வூடா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டுவார்கள். கிரானைட் பட்டறையில் இருபது வருஷம் கல் அறுத்தவர், கழித்துப்போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தரை, சுவர், அலமாரி என்று பதித்துத் தள்ளிவிட்டார். கூரைக்கும் பதித்திருப்பார், தலையில் விழும் என்று மனைவி ராஜாத்தி தடுத்துவிட்டாள்.

அந்த வீட்டுக்குத்தான் கல்லூரியிலிருந்து மோகனப்ரியா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் ரேடான் என்றொரு வாயு கசியும், கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, அடைத்த வீட்டில் வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு என்றாள். அதை அளக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் படுக்கையறையில் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து வருவதாகச் சொன்னாள்.

தீர்த்தகிரிக்குப் பகீரென்றது. நுரையீரலை நினைத்து அல்ல. டப்பா ஏடாகூடமாக ஏதாவது காட்டினால் ஊரில் தலைகாட்ட முடியுமா? அவளுடைய வண்டி தெருமுனை தாண்டியதும் டப்பாவைக் கழற்றித் தோட்டத்து மாமரத்தில் கட்டினார். அவள் திரும்பி வருகிற அன்று துடைத்து மறுபடி அறையில் மாட்டினார்.

முடிவு வந்தது. ஊரில் அளந்த வீடுகளிலேயே குறைந்த அளவு!

"இவ்ளோ கல்லு இருந்தும் எப்படிங்க ஐயா?" என்று மோகனப்ரியா வியந்தாள்.

"எல்லாம் பராமரிப்புதாம்மா" என்றார் மனிதர், கொஞ்சமும் கூசாமல். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். காற்றோட்டம் பற்றி யோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள், அதையும் சொன்னார்.

அப்போதுதான் மகள் பூங்கொடி தலைப்பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்தாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று ராஜாத்தி அவர்களை அதே படுக்கையறையில் தங்கவைத்து, ஜன்னல்களைச் சாத்தி இடுக்கிலெல்லாம் துணி செருகினாள். தீர்த்தகிரி திறந்தார். அவள் சாத்தினாள்.

"கொஞ்சம் காத்தாடட்டுமே" என்றார்.

"எதுக்கு? நம்ம வூட்டுக் காத்து சுத்தம்னு காலேஜுலயே எழுதிக் குடுத்துக்கீறாங்க. வாசல்ல போயி படிச்சிப் பாரு."

இன்னொரு டப்பா கேட்கலாம். ஏன் என்று மோகனப்ரியா கேட்பாளே! மணிக்கொரு தரம் கதவோரம் நின்று குழந்தையின் மூச்சைக் கவனித்தபடி இருபது நாளை ஓட்டினார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது அவரைப் பார்த்தால்.

இருபத்தோராம் நாள் குழந்தை இருமியது. பால் புரையேறியதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் தீர்த்தகிரி ஆடிப்போய், மாமரத்துக் கதையை மனைவியிடம் கொட்டிவிட்டார்.

கத்தித் தீர்ப்பாள் என்று நின்றார். ராஜாத்தியோ குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தவள், வாசற்படியில் திரும்பினாள்.

"டப்பாவ அந்த ரூம்ல வைக்கக் கூடாதுன்னு வெளிய கொண்டாந்து கட்டின. புள்ளய வெளிய கொண்டாரணும்னு மட்டும் தோணல இல்ல உனுக்கு?"