பித்தளைப் பொடி

மூன்றாவது கியர் விழாமல் கரகரத்த என் ஸ்போர்ட்ஸ் காரைக் குலசேகரத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எந்த ஆயிலையும் விரலில் தேய்த்து மோந்து பார்க்காமல் அவர் வாய் திறக்கமாட்டார். கியர்பாக்ஸிலிருந்து இறக்கிய ஆயிலைத் தேய்த்தவர், விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பித்தளைப் பொடி மினுங்கியது.

"இந்த ஆயில ஆரு ஊத்துனா?"

"நான்தான். இருக்கதுலயே விலை கூடுனது."

"விலையப் பாத்தா ஊத்துவ? உள்ள கியரச் சேத்துவிடுற பித்தளை வளையத்த இது அரிச்சுத் தின்னிருக்கு. பொறவு கியரு எப்படிடே விழும்?"

"எது ஊத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

டேஷ்போர்டைத் திறந்து, காரோடு வந்த புத்தகத்தை எடுத்து என் நெஞ்சில் எறிந்தார். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

இன்றைக்கும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம்தான். வேறு எவனிடமும் வண்டியை விடுவதுமில்லை.