குவியலில் சேராத ஜாதிபத்திரி

ஒற்றசேகரமங்கலத்து மலைச்சரக்குக் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். ஜாதிக்கொட்டையைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியை யார் கொண்டுவந்தாலும் வியாபாரி ஒரே குவியலில்தான் கொட்டச் சொல்கிறார். நல்லதும் நொறுங்கலும் அங்கே ஒன்றுதான்.

ரோஸம்மா என்கிற விவசாயி தன் சாக்கை அவிழ்க்கிறார். உள்ளே ஒவ்வொரு பத்திரியும் கிழியாமல், தடிப்பாக, முழுப் பூவாக இருக்கிறது.

“இது எந்த இனம்?” என்று கேட்கிறேன்.

“நான் உண்டாக்கினதாக்கும். விதை போட்டு ஏழு வருஷம் காத்திருந்தேன் மக்கா. பாதியும் ஆண் மரம், காய்க்காது. காய்ச்சதில ஒரு மரம் மட்டும் இப்படித் தந்துது. அதுக்க கம்பை ஆண் மரத்திலயெல்லாம் ஒட்டினேன். இப்பம் எல்லாம் காய்க்குது.”

வியாபாரி ஒரு பூவை எடுத்து மடக்கிப் பார்க்கிறார். அது வளைகிறது, ஒடியவில்லை. விரலில் எண்ணெய் மினுங்குகிறது. அதற்குள் கடை ஆள் சாக்கைத் தூக்கிக் குவியலுக்கு மேலே கவிழ்க்கப் போகிறார்.

“எலே, அதில தட்டாதே! வேற கூடை எடு!” என்கிறார் வியாபாரி.

கடையில் வேறு கூடையே இல்லை. வியாபாரி தோள்துண்டை உதறி, தானே குனிந்து தரையில் விரிக்கிறார்.

“பைய தட்டணும் முதலாளி,” என்கிறார் ரோஸம்மா. “ஒண்ணும் ஒடையப்பிடாது.”