சம்பந்தி கொண்டுவந்த விறகு

ஆர்வோ கின்னுனென், ஓய்வு பெறும்வரை பனி வாரும் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே நாட்டைக் காக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். நாடு என்றால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடக்குக் கோடியில், பாலம் தாண்டி இருக்கும் எங்கள் பிரதேசம். எதிரி என்றால் ஒரு வண்டு.

சும்மா சொல்லக்கூடாது, அழகான எதிரி. உடம்பெல்லாம் மரகதப் பச்சை. கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல ஒரு மினுமினுப்பு. ஆஷ் மரம் தவிர வேறெதையும் சீந்தாது. அதன் புழுக்கள் பட்டைக்கடியில் குடியேறித் தின்றுகொண்டே போகும், மரம் நின்ற நிலையில் காயும். பாலத்துக்குத் தெற்கே ஊர் ஊராக மொட்டையடித்துவிட்டது. ஆனால் சோம்பேறி. தானாகப் பறந்து வெகுதூரம் போகாது. யாராவது விறகோடு விறகாக வண்டியில் ஏற்றிப்போனால்தான் உண்டு. மனிதர்களும் அலுக்காமல் ஏற்றிப்போனார்கள்.

ஆகவே ஆர்வோ பெட்ரோல் பங்கில் நின்று வெளியூர்க்காரர்களின் டிக்கியை எட்டிப் பார்ப்பார். தெற்கிலிருந்து ஒரு விறகுக் குச்சி வந்தாலும் பிரசங்கம்தான். மரங்களில் வண்டு பிடிக்கும் ஊதா நிறப் பொறிப்பெட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டார். "உன் உள்பாவாடையா ஆர்வோ, காயப்போட்டிருக்க?" என்று பக்கத்து வீட்டு ரூடி கேட்டபோதும் அவர் சிரிக்கவில்லை. தளபதிகள் சிரிப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைவரை அவருடைய ஆஷ் தோப்பு. மகள் சைமியின் கல்யாணம் ஜூலையில் அதன் நிழலில்தான் என்று முடிவாகியிருந்தது. ஜூன் பிறந்ததும், முதல் சனிக்கிழமை, மாப்பிள்ளையின் அப்பா ஹெர்ம் டைகெமா தெற்கிலிருந்து சவுனாவுக்கு வந்தார்.

சனிக்கிழமை சவுனா இல்லாத ஃபின்லாந்து வம்சத்து வீடு எங்கள் பக்கம் கிடையாது. மரக்கட்டை அறை, விறகடுப்பு, அதன்மேல் கற்கள். கல்லில் தண்ணீரை வீசி ஆவியில் வெந்து, ஓடிப்போய் ஏரியில் குதிக்க வேண்டியது. முதல்முறை வரும் விருந்தாளி கையில் நாலு விறகோடு வருவது மரியாதை. இதைச் சைமி வருங்கால மாமனாருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஹெர்ம் நாலோடு நிறுத்துகிற ஆளா? ஒரு பிக்கப் நிறையக் கொண்டுவந்திருந்தார். மேலே சிவப்பு ரிப்பன் வேறு.

"ஆஷ்!" என்றார் ஹெர்ம், இறங்கும்போதே. "எங்க வாசல்ல நின்ன மரம். பட்டுப்போச்சு, வெட்டிட்டேன். நல்ல எடத்துல எரியட்டுமேன்னு உங்களுக்காகப் பாத்துப் பாத்துப் பொளந்தேன், சம்பந்தி."

ஆர்வோ ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தார். பட்டையில் ஒரு பக்கம் தட்டையான, அரைவட்ட ஓட்டை. அதன் உள்ளே ஏதோ அசைந்தது.

மனைவி லெம்பி அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "மூஞ்சியச் சரி பண்ணு. அவர் என்னமோ பொணத்தக் கொண்டுவந்த மாதிரி பாக்குற."

"பொணமா இருந்தாத் தேவலையே. உசுரோட இருக்கு, லெம்பி! வெயில் ஏறினா வரிசையா வெளிய வரும். நேரா நம்ம தோப்புதான்."

"அப்ப திருப்பி அனுப்பு."

"சவுனா விறகையா? அதுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு நேராவே சொல்லிடலாம்."

"அப்ப எரி."

"ஒரு வண்டி விறகையா? இன்னைக்கேவா?"

லெம்பி ஏலக்காய் ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு டெலிபோனை எடுத்தாள்.

மதியத்துக்குள் ஊரே துண்டும் கையுமாக வந்து சேர்ந்தது. அடுப்பு உறுமியது. ஒரு கூட்டம் வெந்து வெளியே வர, அடுத்த கூட்டம் உள்ளே போனது; ஏரியில் குதித்தவர்களை ஆர்வோ கரையிலேயே மடக்கித் திரும்ப அனுப்பினார். புல்தரையெங்கும் எங்கள் ஊர்ப் பெரியமனிதர்கள் வேகவைத்த இறாலின் நிறத்தில் கிடந்தார்கள்.

"என்னை விட்டுரு ஆர்வோ," என்றார் ரூடி. "என் தோலுக்கடியில பூச்சி எதுவும் இல்லப்பா."

"சத்தம் போடாத. நாட்டுக்காகப் போய் உக்காரு."

ஹெர்முக்குக் கண் கலங்கியது. "என் விறகுக்கு இவ்வளவு மரியாதையா!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

மாலை வெயிலில் அவர் இடுப்புத் துண்டோடு படியில் காற்று வாங்கியபோது, அவருடைய பரந்த முதுகில் பச்சையாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆர்வோ யோசிக்கவில்லை. ஓங்கி ஓர் அறை. வண்டு தோளுக்குத் தாவியது. இன்னோர் அறை.

சவுனாவில் பிர்ச் இலைக் கொத்தால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது வழக்கம் என்று ஹெர்ம் கேள்விப்பட்டிருந்தார். கொத்து தீர்ந்துபோயிற்று போலும், கையாலேயே நடக்கிறது என்று எண்ணி, மலர்ந்த முகத்தோடு ஆர்வோவின் முதுகில் திருப்பி ஒன்று வைத்தார். அவர் பால்பண்ணைக்காரர், மாடு அடக்கிய கை. ஆர்வோ தடுமாறிக்கொண்டே மூன்றாவது அறையை இறக்கினார். உள்ளங்கையில் பச்சை மினுங்கியது.

ஹெர்ம் அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இவன எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "எங்க தெருவையே தின்னவன். பட்டுப்போன மரமாச்சே, இவனும் செத்திருப்பான்னு நெனச்சேன்."

சன்னலில் லெம்பியும் சைமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்காகவா ஊரையே வேகவெச்சீங்க?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது?"

"ரிப்பன் கட்டியிருந்தீங்களே, சம்பந்தி."

ஹெர்ம் புல்தரையைப் பார்த்தார். அங்கே மல்லாந்து கிடந்த ஊரைப் பார்த்தார். தொப்பை குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. பிறகு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிக்கப்பில் ஏறி, உதிர்ந்த பட்டை, தூசி, ரிப்பன் எல்லாவற்றையும் கூட்டியள்ளி அடுப்பில் கொட்டினார். வெளியே இன்னும் ஒரு குவியல் பாக்கி இருந்தது.

வேலியோரமாகக் குனிந்து குனிந்து ரூடி நழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று ஹெர்ம் அவர் தோளில் கை போட்டார். "என் மகன் கல்யாணம் அந்த மரத்தடியிலதான். வாங்க, வாங்க, உள்ள எடம் இருக்கு."