சினை ஊசிக்குப் போன நாள்

எங்கள் ஊரில் மலடு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஏரிக்குக் கீழே உப்புப் பூத்துக் கிடந்த அரைக்காணி மலடு. பூவையெல்லாம் கொட்டிவிட்டுக் காய்க்காமல் நின்ற கொல்லை மாமரம் மலடு. மூன்று முறை காளைக்கு விட்டும் சினை நிற்காத எங்கள் மயிலைப் பசு மலடு. கல்யாணமாகி ஆறு வருஷமாகியிருந்த சித்தியையும் அப்படித்தான் சொன்னார்கள், அவள் அந்தப் பக்கம் போன பிறகு. எனக்கு ஒன்பது வயது. அது அந்த உப்புத் தரையிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வருகிற நோய் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். செத்தாலும் அந்த நிலத்தில் கால் வைக்க மாட்டேன்.

வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அவர் இரண்டு கெடு வைத்திருந்தார். பசுவுக்கு இன்னும் ஒரே தடவை; நிற்காவிட்டால் தரகர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சித்திக்குத் தை மாதம் வரை. அதற்குமேல் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்ப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார், மகராசன்.

பசு பருவத்துக்கு வந்து விடாமல் கத்தத் தொடங்கிய அன்று காலை சித்தி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "வாடி, மாட்டாஸ்பத்திரிக்குப் போயாரலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு மானாம்பதிக்கு நடந்தாள். அங்கே காளையே இல்லாமல் ஊசியிலேயே சினை பிடிக்க வைக்கிறார்களாம். பெரியப்பா அதை நம்பவில்லை. நானும்தான்.

கம்பவுண்டர் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்தார். நான் கிட்டே போனதும், "தொடாத பாப்பா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒண்ணு இதுல உசுரோட இருந்தாக்கூட உள்ள எதுவும் தங்காது" என்றார். பிறகு, காளையின் வித்து இதில்தான் இருக்கிறது என்று சொல்லி, பால் கேன் மாதிரியிருந்த ஒன்றைத் திறந்தார். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து தரையில் ஊர்ந்து வந்து என் காலைத் தொட்டது. நெருப்பில்லாத புகை, ஜில்லென்று இருந்தது. உயிர் என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றேன். பசு என்னவோ வாலை ஒருமுறை ஆட்டியதோடு சரி.

எல்லாம் முடிந்து அவர் கை கழுவும்போது சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"மலடுன்றாங்களே சார், அது எத்தனால வருது?"

"அது சும்மா வாயில வர்ற பேச்சும்மா. இன்னா கோளாறுன்னு பாத்து வைத்தியம் பண்ணா முக்காவாசி சரியாப்பூடும். சில நேரம் காளை மேலயே கொற கீது. பேரு கெடுறது பசுவுக்கு."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் பெரியப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். போன காரியம் என்னவாயிற்று என்று பெரியப்பா கேட்டதுதான் தாமதம், நான் முந்திரிக்கொட்டை, புகையின் மகிமையையெல்லாம் அளந்துவிட்டு, "பசு மேல தப்பே இல்லியாம் பெரிப்பா. காளை மேலயும் கொற இருக்குமாம். கம்பவுண்டரு சித்திகிட்ட சொன்னாரு" என்றேன்.

சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பெரியப்பா என்னைத் திட்ட வாயெடுத்து, சித்தியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எப்போதும் தலை குனிந்தே பரிமாறும் சித்தி அன்று குனியவில்லை. ரசக் கரண்டியோடு சித்தப்பாவையே பார்த்தபடி நின்றாள். புகைக் கதையைக் கேட்டு எல்லாரும் அசந்துபோய்விட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிற்பாடு அகராதியைப் புரட்டியபோது மலடிக்குப் பக்கத்திலேயே மலடன் என்றும் ஒரு சொல் இருக்கக் கண்டேன். எங்கள் ஊரில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பசுவுக்குச் சினை நின்றது தெரிய நாளாயிற்று. அதற்கு முன்பே, அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும், சித்தப்பா பெரியப்பாவின் எதிரில் வந்து நின்று, "செங்கல்பட்டு வரிக்கும் போயிட்டு வரோம்ணா. டாக்டரு ரெண்டு பேரையுமே பாக்கட்டும்" என்றார். பஸ் வந்ததும் சித்தப்பா முதலில் சித்தியை ஏற்றிவிட்டுப் பிறகு தான் ஏறினார். என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் சினிமாவுக்குப் போகிறார்கள் என்று நான் ரோட்டில் விழுந்து புரண்டு அழுதேன்.